அக்டோபரில் குடும்பத்தோடு ரிஷிகேஷ்: எத்தனை கிலோமீட்டர் ராஃப்டிங், எங்கே தங்குவது?

கேள்வியின் சுருக்கம் இது. கோவையிலிருந்து ஆறு பேர், அக்டோபர் கடைசி வாரம், ரிஷிகேஷில் மூன்று நாள். கணவன், மனைவி, 15 வயது மகன், 11 வயது மகள், முழங்கால் வலியுள்ள 64 வயது அப்பா, 58 வயது அம்மா. மகனைத் தவிர யாருக்கும் நீச்சல் தெரியாது. ராஃப்டிங் (கங்கையின் அலைகளில் ரப்பர் படகில் துடுப்புப் போட்டுப் போவது) 16 கி.மீ. போதுமா, 24 கி.மீ. போகலாமா? ஆற்றங்கரைக் கூடாரத்தில் தங்கலாமா? மூன்றாம் நாள் பங்கி ஜம்ப் (காலில் கயிறு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பது) வைத்துக்கொள்ளலாமா?

நான் திருநெல்வேலிக்காரன். பிழைப்புக்காக டேராடூன் வந்து ஒன்பது வருடமாகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ரிஷிகேஷுக்குக் கூட்டிப்போவது என் தலையில் விழும். அப்படி ஆற்றில் இறங்கிய கணக்கு இருபதைத் தாண்டிவிட்டது. ஒருமுறை படகை விட்டு வெளியே விழுந்ததும் அதில் அடக்கம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு வேண்டிய பதில். 24 வேண்டாம். நீங்களும் மனைவியும் மகனும் ஆற்றின் மேல்பக்கம் உள்ள சிவபுரியிலிருந்து 16 கி.மீ. போங்கள். அம்மாவுக்கு ஆசை இருந்தால் இன்னொரு நாள் அதற்குக் கீழே உள்ள பிரம்மபுரியிலிருந்து 9 கி.மீ. போகலாம். அப்பாவும் பாப்பாவும் கரையில்தான். 14 வயதுக்குக் கீழே படகில் ஏற்றக்கூடாது என்பது அங்கே விதி. "பார்த்துக்கலாம் சார், ஓரமா உட்கார வைக்கலாம்" என்று எவராவது சொன்னால், அவரிடம் நீங்கள் மூவரும்கூடப் போகாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கிறவர் கயிறிலும் ஹெல்மெட்டிலும் விட்டுக்கொடுப்பார்.

இனி கிலோமீட்டர் கதை. ரிஷிகேஷின் தபோவன் பகுதியில் வண்டியை விட்டு இறங்கியதுமே சுவருக்குச் சுவர் பலகை தொங்கும்: 9, 16, 24, 35. ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் துணி கிழிப்பதுபோல ஆற்றைக் கிழித்து விற்கிறார்கள். நம்மவர்களும் "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ஐந்நூறு ரூபாய் போட்டால் எட்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்குதே" என்று கணக்குப் போடுவார்கள். தூரம் கூடினால் சுகம் கூடும் என்பது ரயில் பயணத்துக்கு வேண்டுமானால் பொருந்தலாம். ஆற்றில் பார்க்க வேண்டியது வேறு: எந்த ரேபிட் வழியில் வருகிறது, அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு.

ரேபிட் என்றால், ஆறு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிச் சரிந்து அலை கிளப்பிக்கொண்டு ஓடும் இடம். (கைடு "ரேபிட் வருது" என்று கத்தியதும் என் பெரியப்பா கரையில் முயலைத் தேடினார்.) அவற்றுக்கு 1 முதல் 6 வரை தரம் போட்டிருக்கிறார்கள். 1 என்றால் குளம் மாதிரி. 6 பக்கம் சாதாரண மனிதர்கள் போவதே இல்லை. சிவபுரியிலிருந்து கீழே வரும் வழியில் பெரும்பாலும் 2, 3 தரம்தான். ரிட்டர்ன் டு செண்டர், ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்ற மூன்று ரேபிட்டும் பிரம்மபுரிக்கு மேலேயே வந்துவிடும். பிரம்மபுரிக்குக் கீழே டபுள் டிரபுள், ஹில்டன், டெர்மினேட்டர். ஆகவே 9 கி.மீ. எடுக்கிறவர்கள் இந்த ஆற்றின் நல்ல அலைகளைத் தவறவிடுகிறார்கள். ஆனால் அம்மா மாதிரி முதன்முறை இறங்குகிறவர்களுக்கு அதுவே திகட்டும்.

24 என்று விற்பது சிவபுரிக்கும் மேலே மரைன் டிரைவ் என்ற இடத்திலிருந்து கிளம்புவது. த்ரீ பிளைண்ட் மைஸ், கிராஸ் ஃபயர், பிளாக் மணி ஆகிய ரேபிட்கள் கூடுதலாகக் கிடைக்கும். அருமையான இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு இடையில் அலையே இல்லாத நீண்ட தேக்கங்களில் நீங்களேதான் துடுப்புப் போட்டாக வேண்டும். பழக்கமில்லாத தோள்பட்டை சிவபுரி வருவதற்குள் ஓய்ந்துவிடும். கோல்ஃப் கோர்ஸ் வரும்போது கைடு "ஃபார்வேர்ட்! ஃபார்வேர்ட்!" என்று கத்துவார், படகில் பாதிப் பேர் துடுப்பைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். படகுக்கு வேகம் இருந்தால்தான் அலையை வெட்டிக்கொண்டு போகும். வேகமில்லாத படகு பக்கவாட்டில் திரும்பும், திரும்பினால் கவிழும். 24 வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பயம் காரணமில்லை, தோள்பட்டைதான் காரணம்.

அதற்கும் மேலே கௌடியாலாவிலிருந்து கிளம்பும் 35 பக்கம் போகவே வேண்டாம். அந்த வழியில் பியாசி அருகே 'தி வால்' என்று ஒரு ரேபிட், தரம் 4. படகு கவிழ்வது அங்கே சகஜம். கவிழ்ந்த பிறகு என்ன செய்வது என்று தெரிந்தவர்களுக்கான இடம் அது.

அக்டோபர் கடைசி வாரம் என்பது நல்ல தேர்வு. மழைக்காலத்தில், ஜூலை, ஆகஸ்டில், ராஃப்டிங்கை மூடிவிடுவார்கள். செப்டம்பர் பிற்பகுதியில் திறக்கும்போது தண்ணீர் இன்னும் கலங்கலாக, கனமாக இருக்கும். அக்டோபர் கடைசியில் தெளிந்து பச்சையாகிவிடும், ரேபிட்களுக்கும் உயிர் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் இறங்கிவிடும், குளிர் எலும்பில் ஏறும். மே, ஜூனில் பனி உருகி ஆறு மறுபடி பெருகும், கூடவே டெல்லிக் கூட்டமும் சார்தாம் யாத்திரைக் கூட்டமும் ஒரே சாலையில் நிற்கும். தண்ணீர் கூடினால் எல்லா ரேபிட்டும் பெரிதாகும் என்று நினைத்துவிடாதீர்கள். சில இடங்களில் பாறை முழுகி அலையே காணாமல் போகும், சில இடங்களில் புதிதாக முளைக்கும். அதனால்தான் போன மாதம் போய்வந்த நண்பர் சொன்னது உங்களுக்கு உதவாது.

இன்னொன்று. இந்த ஆற்றின் நீர்மட்டத்தை மழையும் பனியும் மட்டும் தீர்மானிப்பதில்லை. கோமுகத்திலிருந்து வரும் பாகீரதியும் பத்ரிநாத் பக்கமிருந்து வரும் அலக்நந்தாவும் தேவப்பிரயாகையில் கலந்த பிறகுதான் கங்கை என்று பெயர். ரிஷிகேஷிலிருந்து 70 கி.மீ. மேலே. அந்தப் பாகீரதியை 260.5 மீட்டர் உயரமுள்ள டெஹ்ரி அணை பிடித்து வைத்திருக்கிறது, 2006-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அலக்நந்தாவிலும் ஸ்ரீநகர் அருகே ஒரு நீர்மின் அணை உண்டு. மின்சாரத் தேவைக்கேற்பத் தண்ணீரைத் திறப்பார்கள். காலையில் நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்த பாறை சாயங்காலம் தண்ணீருக்குள் இருக்கும். கரையெங்கும் இந்தியில் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். இந்தி வாசிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்பு எழுத்தில் பலகை இருந்தால் அங்கே உட்காராதீர்கள்.

ஆற்றங்கரைக் கூடாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இணையத்தில் வெள்ளை மணல், வரிசையாகக் கூடாரம், நடுவில் தீமூட்டம் என்று படங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல பழைய படங்கள். கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரை கங்கை மணலில் முகாம் போடுவதை 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவிட்டது. குப்பையும் கழிவும் நேராக ஆற்றில் போய்க்கொண்டிருந்தது, சரியான தடைதான். இப்போது 'கேம்ப்' என்று விற்பதெல்லாம் சாலைக்கு மேலே மலைச்சரிவிலோ, ஹேன்வல் போன்ற துணையாற்றுப் பள்ளத்தாக்கிலோ இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும், எத்தனை படி, கழிவறை கூடாரத்தோடு சேர்ந்ததா தனியா? எங்கள் உறவினர் ஒருவர் "கங்கா வியூ" என்ற பெயரை நம்பி முன்பணம் கட்டினார். போய்ப் பார்த்தால் கூடாரத்திலிருந்து தெரிந்தது லாரி போகும் நெடுஞ்சாலை. கங்கை அந்தச் சாலைக்கும் அப்பால், இருநூறு அடிப் பள்ளத்தில். இரவு பதினொரு மணி வரை டிஜே பாட்டு வேறு. உங்கள் அப்பாவின் முழங்காலுக்குக் கூடாரம் ஒத்துவராது. ராம் ஜூலா தொங்குபாலத்தின் பக்கம் லிஃப்ட் உள்ள விடுதியோ, தரைத்தள அறை தரும் ஆசிரமமோ பாருங்கள். மகன் கூடாரத்துக்கு அடம்பிடித்தால் நீங்களும் அவனும் மட்டும் ஒரு ராத்திரி போய்வாருங்கள்.

ஊரின் அமைப்பு முதலில் குழப்பும். ரிஷிகேஷ் என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. கடைத்தெருவும் திரிவேணி படித்துறையும் டேராடூன் மாவட்டம். முனி கி ரேத்தியும் தபோவனும் டெஹ்ரி. ஆற்றைத் தாண்டினால் ஸ்வர்காசிரமம், அது பௌரி. நடந்து கடக்க ராம் ஜூலாவும், 2020-ல் திறந்த ஜானகி சேதுவும் இருக்கின்றன. எல்லோரும் படத்தில் பார்த்த பழைய லட்சுமண் ஜூலா தொங்குபாலம் 1930-லிருந்து இருந்தது. கம்பிகள் பலவீனமாகிவிட்டதால் 2019-ல் அதை மூடுவதாக அறிவித்தார்கள். இன்னும் அதைப் பிரமாதப்படுத்தும் பயணக் கட்டுரைகளை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். ஊர் எல்லைக்குள் அசைவமும் மதுவும் கிடையாது. முட்டை விற்கக்கூட நகராட்சி போட்ட தடையை 2004-ல் உச்ச நீதிமன்றமே சரியென்றது. பிள்ளைகளுக்குக் காலையில் ஆம்லெட் வேண்டுமென்றால் முன்கூட்டியே மனதைத் தேற்றி வையுங்கள். ஆலூ பராட்டாவும் தயிரும் இரண்டு நாளைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

இனி நான் விழுந்த கதை. தாமிரபரணியில் குறுக்கும் நெடுக்கும் நீந்தியவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. ரப்பர் படகில் விளிம்புக் குழாய்மேல்தான் உட்கார வேண்டும். உள்ளே குறுக்காக இருக்கும் குழாய்க்கு அடியில் பாதத்தைச் செருகிக்கொள்ளச் சொல்வார்கள். உட்கார்ந்திருப்பவனைப் படகோடு பிடித்து வைப்பது அந்தப் பாதம் ஒன்றுதான். ரோலர் கோஸ்டரில் இரண்டு அலை தாண்டியதும் போதும் என்று நினைத்துக் காலைத் தளர்த்தினேன். மூன்றாவது அலை என் பக்கத்தைத் தூக்கியது. அடுத்த நொடி எனக்கு மேலே பச்சை வெளிச்சம், காதுக்குள் ஆலை இரைச்சல்.

தண்ணீரைவிடக் குளிர்தான் முதலில் அடித்தது. பனி உருகிய நீர், மார்பைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல மூச்சு உள்ளே போக மறுத்தது. லைஃப் ஜாக்கெட் மேலே கொண்டுவந்துவிட்டது, ஆனால் பழக்க தோஷம், கரையைப் பார்த்துக் குப்புற நீந்தப் பார்த்தேன். ஒரு பாறை முழங்காலைப் பதம் பார்த்தது. படகிலிருந்து கைடு கத்தினார்: "பைர் ஊப்பர்! பைர் ஊப்பர்!" காலைத் தூக்கு என்று அர்த்தம். அப்போதுதான் கரையில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. மல்லாந்து படுத்தேன், இரண்டு காலையும் நீரோட்டம் போகும் பக்கம் நீட்டினேன், பாதங்கள் தண்ணீருக்கு மேலே. பாறை வந்தால் கால்தான் முதலில் மோத வேண்டும், தலை மோதக்கூடாது. அலையின் பள்ளத்தில் மூச்சு எடுத்தேன், உச்சியில் வாயை மூடிக்கொண்டேன். அரை நிமிஷத்துக்குள் கயாக்கில் (ஒருவர் மட்டும் உட்காரும் ஒல்லிப் படகு) ஒரு பையன் பக்கத்தில் வந்து அதன் முனையைப் பிடிக்கச் சொன்னான். படகுக்கு இழுத்துப்போனதும் கைடு என் கையைப் பிடிக்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பற்றி ஒருமுறை கீழே அழுத்தி, மிதந்து எழும்பும் வேகத்திலேயே உள்ளே இழுத்துப் போட்டார். வலையில் விழுந்த கெளுத்தி மாதிரி கிடந்தேன்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் அங்கே செய்ய வேண்டியது ஒன்றே: மல்லாந்து, கால் மேலே, கைடு சொல்வதைக் கேட்பது. நீச்சல் தெரியாத உங்கள் மனைவி ஒழுங்காகக் கேட்பார். நீச்சல் தெரிந்த மகனிடம்தான் இரண்டு முறை சொல்ல வேண்டும். முக்கியமாக, ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலக்கூடாது. இடுப்பளவுதான் இருக்கிறதே என்று காலை ஊன்றினால், பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து ஆறு ஆளைக் குப்புறத் தள்ளிவிடும்.

அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பேசாதீர்கள். "கூட சேஃப்டி கயாக் வருமா?" என்று கேளுங்கள். வாரக்கடைசியில் பல படகுகளுக்கு ஒரு கயாக் என்றோ, அதுவும் இல்லாமலோ ஓட்டுகிறவர்கள் உண்டு. கைடிடம் எறிகயிற்றுப் பை, அதாவது விழுந்தவருக்கு வீசும் கயிறு, இருக்கிறதா பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் பட்டியெல்லாம் போட்ட பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தொளதொளப்பு, மாற்றிக் கேளுங்கள். வெட்கமே வேண்டாம். துடுப்பின் மேல்முனையில் 'டி' வடிவப் பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடியபடி இருக்க வேண்டும். ராஃப்டிங்கில் பல் உடைவது, உதடு கிழிவது எல்லாம் ஆற்றால் வருவதைவிடப் பக்கத்து ஆள் விட்ட துடுப்புப் பிடியால் வருவதுதான் அதிகம்.

உடை விஷயம்: புடவை, துப்பட்டா, வேட்டி, ஜீன்ஸ் நான்கும் கூடாது. நனைந்தால் கனக்கும், சுற்றும். டிராக் பேண்ட், டி-சர்ட் போதும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனசில்லையென்றால் உள்ளே விட்டு ஊக்கால் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் நாடா கட்டியே ஆகவேண்டும். வீடியோவுக்குத் தனிக் காசு கேட்பார்கள், கரையேறிய பிறகு கேட்டால் இரண்டு மடங்கு. வேண்டுமா வேண்டாமா என்பதை ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாளைப் பிடியுங்கள், காலை முதல் தவணையில் போங்கள். சனி, ஞாயிறில் சிவபுரி துறையில் படகுகள் டவுன் பஸ் மாதிரி வரிசையில் நிற்கும். கைடுகள் ஒரே நாளில் மூன்று நான்கு முறை ஓடுவார்கள், கரையில் சொல்லித்தரும் பத்து நிமிடப் பாடம் இரண்டு நிமிடமாகச் சுருங்கும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பத்து நிமிடம்.

உண்மையில் எனக்குப் பயம் படகைப் பற்றி இல்லை. ஜாக்கெட்டோடு, கைடோடு போகிறவர்களைவிட, "சும்மா காலை நனைச்சுட்டு வரேன்" என்று மணல் திட்டில் இறங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து. மணல் வெள்ளையாக, மைக்கா மினுங்க, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடி கசம். 2013 ஜூன் வெள்ளத்தில் பரமார்த்த நிகேதன் ஆசிரமப் படித்துறையில் இருந்த அந்தப் பெரிய சிவன் சிலையையே பெயர்த்துக்கொண்டு போன ஆறு இது. பாப்பாவும் அம்மாவும் குளிக்க ஆசைப்பட்டால், சங்கிலி கட்டிய படித்துறையில், சங்கிலியைப் பிடித்தபடி முழுக்குப் போடட்டும்.

பங்கி ஜம்ப் மோகன் சட்டியில், 83 மீட்டர். மகன் ஒற்றைக்காலில் நின்றால் தவிர நான் சொல்ல மாட்டேன். போக, எடை பார்க்க, காத்திருக்க, திரும்ப என்று பாதி நாள் போய்விடும், மற்ற ஐந்து பேர் வேடிக்கை பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாக மூன்றாம் நாள் விடியற்காலை நாலரைக்கு வண்டி வைத்துக் குஞ்சாபுரி போங்கள். வானம் தெளிந்திருந்தால் பந்தர்பூஞ்ச், சௌகம்பா சிகரங்களில் முதல் வெயில் படுவதைப் பார்க்கலாம். கோயிலுக்கு முந்நூறு படிகளாவது ஏற வேண்டும். அப்பா கீழே வண்டி நிற்கும் இடத்தில் இருந்தாலும் காட்சி பாதி கிடைக்கும்.

அப்பாவுக்கு நான் வைத்திருப்பது வேறு. ராம் ஜூலா அருகே சிவானந்தர் ஆசிரமம். நம் பத்தமடைக்காரர், 1887-ல் பிறந்து மலேயாவில் மருத்துவராக இருந்துவிட்டு 1924-ல் இங்கே வந்து சேர்ந்தவர். 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். பத்தமடை என்றால் பாய்தான் நினைவுக்கு வரும் எங்களுக்கு, அந்த ஊர்ப் பெயரை இமயமலை அடிவாரத்தில் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும். எதிர்க்கரையில் சௌராசி குடியா, 1968-ல் பீட்டில்ஸ் பாட்டுக்காரர்கள் வந்து தங்கிய மகரிஷி ஆசிரமம். இப்போது வனத்துறை டிக்கெட் போட்டு விடுகிறது. காட்டுக்குள் இடிந்து நிற்கும் கல் குடில்கள், சுவரெல்லாம் ஓவியம். மகளுக்கு ராஃப்டிங் போக முடியாத வருத்தம் அங்கே தீரும்.

ராஃப்டிங் அன்று ஒரு ஏற்பாடு செய்யுங்கள். 16 கி.மீ. முடிவது தபோவனுக்குக் கீழே நிம் பீச்சில். கரையேறியதும் ஈரத்துணியோடு சாலைக்கு ஏற வேண்டும், பல் கிட்டித்துப்போகும். படகுக்காரர் உங்களைச் சிவபுரிக்கு ஏற்றிப்போகும்போதே, அம்மாவிடம் ஆளுக்கொரு துண்டு, மாற்றுத்துணி, ஃபிளாஸ்க்கில் டீ கொடுத்து, கிளம்பிய நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் கழித்து நிம் பீச் ஏறும் சாலைமுனைக்கு ஆட்டோவில் வரச் சொல்லிவிடுங்கள். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக.